கட்சி இணையதளங்களில் நம்ம தொகுதிக்கு என்ன இருக்கு? மதுரைக்காரங்க சொல்லுங்க

வைகை_வடகரை (இழையைத் தொடங்கியவர்)

மதுரை மக்களுக்கு வணக்கம்.

சட்டமன்றத் தேர்தல் வேலை எல்லாக் கட்சியிலும் சூடு பிடிச்சாச்சு. போஸ்டர், ஆட்டோ மைக், வாசல்ல துண்டு நோட்டீஸ் எல்லாம் வழக்கம்போல வந்துக்கிட்டிருக்கு. நான் பேச நினைக்கிறது கட்சிகள் நடத்துற இணையதளங்களைப் பத்தி.

2024 அக்டோபர் மழையில செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ள தண்ணி புகுந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பந்தல்குடி வாய்க்கால், செல்லூர் கண்மாய் ரெண்டைப் பத்தியும் எந்தக் கட்சி எந்த வருஷம் என்ன வாக்குக் கொடுத்திருக்குன்னு தொகுத்து வைக்கலாம்னு உட்கார்ந்தேன். பத்திரிகைத் துணுக்கு எனக்கு வேண்டாம். கட்சியே தன் பேர்ல, தன் தளத்துல போட்டு வச்சிருக்கிற வார்த்தைதான் வேணும்.

பெரிய கட்சி, சின்னக் கட்சின்னு பார்க்காம ஒவ்வொரு தளமாத் திறந்தேன். திறந்ததும் தலைவர் படம் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடுது. அடுத்து 'உறுப்பினராகுங்கள்', பக்கத்திலேயே 'நன்கொடை'. கீழே தலைவரோட வாழ்க்கை வரலாறு, கட்சி வரலாறு, நேத்து வந்த அறிக்கை, யூடியூப் காணொளி. தேடுற பெட்டி சில தளத்துல இல்லவே இல்லை. இருக்கிற இடத்துல 'செல்லூர்'னு தமிழ்ல அடிச்சா 'முடிவுகள் இல்லை'ன்னு வருது. 'தொடர்புக்கு'ன்னு போனா சென்னைத் தலைமை அலுவலக முகவரி. மதுரை மாவட்டத்துல 10 சட்டமன்றத் தொகுதி, மாநகராட்சியில 100 வார்டு. நான் பார்த்த தளங்கள்ல அந்தப் பத்துல ஒரு தொகுதிக்குக்கூடத் தனிப் பக்கம் இல்லை.

ஒரு கட்சி என்ன சொன்னது, எப்போ சொன்னது, யாரை நிறுத்துது, ஏன் அவரை நிறுத்துது, பணம் எங்கிருந்து வருது, இதெல்லாம் தேதி போட்டு, பின்னாடி அழிக்காம, தமிழ்ல, தேடினா கிடைக்கிற மாதிரி தளத்துல இருக்கணும்ங்கிறது என் எண்ணம். ஓட்டுப் போடுறவங்களுக்குக் கட்சி பட்ட கடன் அது. இப்போ இருக்கிற தளங்கள் நம்மகிட்ட செல்போன் நம்பரையும் பணத்தையும் வாங்கிக்கத்தான் நல்லா வேலை செய்யுது. நமக்குத் திருப்பிச் சொல்ற இடம் வெறுமையா இருக்கு.

உங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு எழுதுங்க. எந்தக் கட்சி உசத்திங்கிற சண்டை இந்த இழையில வேண்டாம்.

---

மாசிவீதி_மூத்தவர்

தம்பி, நல்ல பேச்சு எடுத்திருக்கீங்க.

எங்க வாலிபத்துல தெருவுக்குத் தெரு படிப்பகம் உண்டு. வாசல்ல கொடிக்கம்பம், உள்ளே ரெண்டு பெஞ்சு, அன்னைக்கு வந்த கட்சிப் பத்திரிகை. முரசொலி 1942-ல துண்டு வெளியீடா ஆரம்பிச்சுப் பின்னாடி நாளிதழ் ஆனது. தீக்கதிர் இன்னைக்கும் நம்ம மதுரையில இருந்து வருது. படிப்பகத்துக்கு எதிர்க்கட்சிக்காரனும் வந்து உட்கார்ந்து படிப்பான், அங்கேயே வாதாடுவான்.

திலகர் திடல்ல கூட்டம்னா கீழே இருக்கிறவன் துண்டுச் சீட்டுல கேள்வி எழுதி மேடைக்கு அனுப்புவான். பேச்சாளர் அதைப் பிரிச்சு, மைக்குல வாசிச்சு, பதில் சொல்லணும். சொல்லாம மடிச்சுப் பையில வச்சா கூட்டம் விடாது. இணையதளம்னு ஒண்ணு வந்தப்போ நான் எதிர்பார்த்தது அந்தத் துண்டுச் சீட்டைத்தான். கேள்வியும் எல்லாரும் பார்க்கணும், பதிலும் எல்லாரும் பார்க்கணும். இப்போ 'உங்கள் கருத்து'ன்னு ஒரு பெட்டி வச்சிருக்காங்க. எழுதி அனுப்பினா 'நன்றி'ன்னு ஒரு வரி. அது யார் கைக்குப் போச்சு, அடுத்தவன் என்ன கேட்டான், அவனுக்கு என்ன சொன்னாங்க, ஒண்ணும் தெரியாது.

---

மேலூர்_ஒருபோகம்

எங்க ஊர்ப் பக்கம் நடந்ததைச் சொல்றேன்.

2024 நவம்பர்ல நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குப் போச்சுன்னு சேதி வந்துச்சு. 2,015 ஹெக்டேர் சொச்சம். அரிட்டாபட்டிப் பக்கமும் அதுக்குள்ள வருது. 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசு அறிவிச்ச ஊரு அது. 2025 ஜனவரி 23-ல ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து பண்ற வரைக்கும் எங்க பக்கம் யாரும் நிம்மதியாத் தூங்கல.

எல்லாக் கட்சியும் ஊருக்குள்ள வந்தாங்க, கூட நின்னாங்க, அதை மறுக்கல. ஆனா பேச்சு எங்க முட்டுச்சுன்னா, 2023 கனிமச் சட்டத் திருத்தத்துல. முக்கியக் கனிமங்களை ஏலம் விடுற அதிகாரத்தை ஒன்றிய அரசு கைக்குக் கொண்டுபோன திருத்தம் அது. அன்னைக்கு நாடாளுமன்றத்துல யாரு ஆதரிச்சுப் பேசுனது, யாரு எதிர்த்தது? மேடைக்கு மேடை ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டுனாங்க. எங்க ஊர்ப் பையங்க ராத்திரி உட்கார்ந்து கட்சித் தளங்களைத் தேடுனாங்க. 2024 டிசம்பர் அறிக்கை எல்லாம் தலைப்புப் பக்கத்திலேயே கிடக்கு. 2023-ல தன் எம்பி அவையில பேசுன பேச்சு, பையங்க தேடுன எந்தத் தளத்திலயும் ஆப்புடல. கடைசியில மாநிலங்களவை நடவடிக்கைக் குறிப்பை எடுத்து, தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தரை வச்சு வாசிச்சுத்தான் விசயம் விளங்குச்சு.

நாடாளுமன்றத் தளத்துல அவ்வளவும் இருக்கு. கட்சி அதுல தன் ஆளுங்க பேசுனதை மட்டும் எடுத்துத் தமிழ்ல போட்டா எங்களை மாதிரி ஆளுக்கு எவ்வளவு உபகாரம்!

---

ஒன்றிய_ஐடி

நான் ஒரு கட்சியோட ஐடி விங்ல ஒன்றிய அளவுல பொறுப்புல இருக்கேன். எந்தக் கட்சின்னு சொன்னா பேச்சு அங்கிட்டுப் போயிரும், அதனால வேண்டாம். உள்ளுக்குள்ள எப்படி ஓடுதுன்னு சொல்றேன், அப்பத்தான் அண்ணன் கேட்கிறது ஏன் நடக்கலைன்னு புரியும்.

தளத்தோட கடவுச்சொல் எங்ககிட்ட கிடையாது. சென்னையில ஒரு ஏஜென்சி பார்க்குது. மாவட்டத்துல இருந்து ஒரு பக்கம் சேர்க்கணும்னா மாவட்டச் செயலாளர், தலைமை நிலையம்னு படியேறணும். அதுக்குள்ள விசயம் ஆறிப்போயிரும். அதனால நாங்க எல்லாரும் வாட்ஸ்அப்புலதான் வேலை பார்க்கிறோம். பூத்துக்கு ஒரு குரூப்பு. ஒவ்வொரு பூத்துலயும் போன தேர்தல்ல எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டுன்னு படிவம் 20-ல தேர்தல் ஆணையமே போடுது. அதை வச்சு எந்தத் தெருவுல நம்ம பலவீனம்னு பார்த்து அந்தக் குரூப்புக்கு ஏத்த மாதிரி காணொளி, படம் அனுப்புவோம். உண்மையைச் சொல்றேன், கட்சித் தளத்தைத் திறந்து பார்க்கிறவங்க பத்திரிகைக்காரங்க, ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்க, எதிர்க்கட்சி ஐடி விங்.

தொகுதிக்குத் தனிப் பக்கம் ஏன் இல்லைன்னா கூட்டணி. பங்கீடு முடியிற வரைக்கும் மேலூர் யாருக்கு, மதுரை தெற்கு யாருக்குன்னு யாருக்கும் தெரியாது. அஞ்சு வருசமா ஒரு தொகுதிக்கு வாக்குறுதி எழுதி வச்சுட்டு, அதைக் கூட்டாளிக்கு விட்டுக் கொடுத்தா, எழுதுனதுக்கு யாரு பொறுப்பு? தலைமைக்கு அந்தப் பயம் நியாயமாவே இருக்கு.

---

வைகை_வடகரை

தம்பி ஒன்றிய_ஐடி, திறந்து சொன்னதுக்கு நன்றி. கூட்டணிக் காரணம் எனக்குப் புதுசு, யோசிக்க வேண்டிய விசயம். ஆனா கூட்டாளிக்கு விட்டாலும் அந்தத் தொகுதிக்கு நீங்க ஓட்டுக் கேட்கத்தானே வர்றீங்க? சொன்ன வாக்கு கூட்டணியோட வாக்கா மாறணுமே தவிர மறையக்கூடாது.

வாட்ஸ்அப்பைப் பத்தி நீங்க சொன்னதுதான் என் கவலைக்கே காரணம். செல்லூர் பூத்துக்கு ஒரு காணொளி, திருப்பரங்குன்றம் பூத்துக்கு வேற காணொளி. எனக்கு என்ன சொன்னீங்கன்னு அவருக்குத் தெரியாது, அவருக்குச் சொன்னது எனக்குத் தெரியாது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்தாலும் கேட்க ஆள் இல்லை. யார் எழுதினது, எப்போ எழுதினதுன்னு அதுல இருக்காது. தேர்தல் முடிஞ்சதும் குரூப்பும் போயிரும். மேடைப் பேச்சும் சரி, இணையதளமும் சரி, எல்லாருக்கும் ஒரே வார்த்தை. பார்க்கிறவங்க கம்மின்னு சொல்றீங்க. பார்க்க ஏதாவது இருந்தாத்தானே வருவாங்க?

---

சிம்மக்கல்_டிடிபி

எழுத்துருப் பிரச்சினையைப் பத்தி யாரும் பேசலையே.

அண்ணன் 'செல்லூர்'னு தேடி வரலைன்னாரு. தேர்தல் அறிக்கையில செல்லூர் இருந்தாலும் தேடுனா வராது, ஏன்னா பல பிடிஎஃப் கோப்புகள் பழைய எழுத்துருவுல அடிச்சது. பாமினி, வானவில் மாதிரி. கண்ணுக்குத் தமிழாத் தெரியும். அதை அப்படியே நகல் எடுத்து வேற இடத்துல ஒட்டுனா ஆங்கில எழுத்தும் குறியீடுமா வந்து விழும். கூகுளுக்கும் அப்படித்தான் தெரியும். எந்தக் கணினியிலயும் தமிழாவே படிக்கிற, தேடக் கிடைக்கிற யூனிகோடு எழுத்துமுறைதான்னு தமிழ்நாடு அரசு 2010-லயே ஆணை போட்டாச்சு. ஆனா அச்சகத்துல இன்னும் பழைய எழுத்துருதான் ஓடுது, ஏன்னா பக்கம் கட்டுற மென்பொருள் பழசு. அறிக்கை அச்சுக்குத்தான் முதல்ல தயாராகும், அந்தக் கோப்பையே தளத்துலயும் ஏத்திருவாங்க. இன்னும் சிலர் அச்சான புத்தகத்தை ஸ்கேன் பண்ணி ஏத்துறாங்க, அதுல எழுத்தே கிடையாது, வெறும் படம்.

2021-ல திமுக அறிக்கையில 505 வாக்குறுதி. அத்தனையையும் பக்கம் பக்கமாப் புரட்டி நம்ம ஊர்ப் பேரைத் தேட யாருக்குப் பொறுமை இருக்கும்? யூனிகோடுல ஒரு சாதாரண இணையப் பக்கமா, வாக்குறுதிக்கு ஒரு எண், பக்கத்துல மாவட்டப் பேருன்னு போட்டா முடிஞ்சது. மாத்துறதுக்கு மென்பொருள் இலவசமாவே கிடைக்குது. என்கிட்டக் கொடுத்தா ஒரு நாள் வேலை.

---

ஒலிவழி_வாசகர்

டிடிபி அண்ணன் சொன்னது எனக்கு இன்னும் ஒரு படி மேல அடிக்குது. எனக்குப் பார்வை கிடையாது. கணினியில என்விடிஏ, போன்ல டாக்பேக், ரெண்டும் திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்லும். தமிழும் வாசிக்கும்.

ஒரு கட்சித் தளத்தைத் திறந்தா என் காதுல என்ன விழுதுன்னு சொல்றேன். 'கிராஃபிக். கிராஃபிக். லிங்க். லிங்க். பட்டன், பெயரில்லை. கிராஃபிக்.' அவ்வளவுதான். அந்த கிராஃபிக்ல தலைவர் அறிக்கை முழுசா இருக்கும், லெட்டர்பேடுல அடிச்சுக் கையெழுத்துப் போட்டுப் படமா ஏத்தியிருப்பாங்க. எனக்கு அது வெத்துத் தாள். தேர்தல் அறிக்கையில மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன சொல்லியிருக்காங்கன்னு தெரிஞ்சுக்க இன்னொருத்தரை வாசிக்கச் சொல்லித்தான் கேட்கணும். அவங்க அவசரத்துல நாலு வரியை விட்டுட்டா எனக்குத் தெரியவா போகுது?

2023 டிசம்பர்ல தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு ஒரு அறிவுரை கொடுத்துச்சு. பேச்சுல மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்துற சொல் வரக்கூடாதுன்னு சொன்னதுதான் செய்தியில பெருசா வந்தது. அதே அறிவுரையில, கட்சியோட இணையதளமும் சமூக ஊடகப் பதிவும் எங்களுக்கு அணுகக்கூடியதா இருக்கணும்னும் இருக்கு. செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. படத்தைப் போடுங்க, கீழேயே அதே அறிக்கையை எழுத்தாவும் போடுங்க. பொத்தானுக்குப் பேர் கொடுங்க.

---

உசிலை_அக்கா

என் மக ஒரு கட்சித் தளத்துல வேலைவாய்ப்பு முகாமுக்குப் பதிஞ்சா. பேரு, நம்பரு, படிப்பு, முகவரி, ஓட்டர் ஐடி எண் வரைக்கும் கேட்டாங்க. முகாம் நடந்த மாதிரி தெரியல. கொஞ்ச நாள்ல உறுப்பினர் அட்டைன்னு ஒரு குறுஞ்செய்தி வந்துருச்சு. அவ எந்தக் கட்சியிலயும் சேரல. விலகணும்னு அந்தத் தளத்தைத் தலைகீழாப் புரட்டியாச்சு. சேர்றதுக்குப் பக்கத்துக்குப் பக்கம் பட்டன் இருக்கு, விலகுறதுக்கு ஒண்ணுமில்ல. போன் போட்டா 'மாவட்ட அலுவலகத்துல எழுதிக் கொடுங்க'ங்கறாங்க. அரசு வேலைக்குப் படிக்கிற புள்ளை, நாளைக்கு இது ஏதும் சிக்கலாகுமான்னு ராவெல்லாம் கவலைப்படுறா. வக்கீலுங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கய்யா.

---

ஒத்தக்கடை_வக்கீல்

அக்கா, மகளைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க. அவங்க கேட்காம வந்த அட்டை, அவங்க கட்சியில சேர்ந்ததுக்கு அத்தாட்சி ஆகாது. மாவட்ட அலுவலகம், தலைமை அலுவலகம் ரெண்டுக்கும் 'நான் உறுப்பினராகச் சம்மதிக்கவில்லை, என் விவரங்களை நீக்கவும்'னு விரைவுத் தபால் ஒண்ணு அனுப்பி, நகலும் தபால் ரசீதும் பத்திரமா வச்சுக்கங்க. நாளைக்கு யார் கேட்டாலும் அது பேசும். 2023-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுக்கிறது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்ப வாங்குறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னு சொல்லுது. முழுசா நடைமுறைக்கு வரக் கொஞ்சம் காலம் பிடிக்கும், ஆனா கேட்கிறதுக்கு அதுவே அடிப்படை.

உங்க விசயத்துக்குச் சம்பந்தமில்லாத, ஆனா எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு உத்தரவு உயர் நீதிமன்றத்தோட நம்ம மதுரைக் கிளையிலேயே வந்திருக்கு. 2025 ஜூலையில திமுகவோட 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கையை எதிர்த்து சிவகங்கை மாவட்டத்துக்காரர் ஒருத்தர் வழக்குப் போட்டார். ஜூலை 21-ல, பொதுமக்கள்கிட்ட ஓடிபி வாங்கக்கூடாதுன்னு இடைக்காலத் தடை போட்டாங்க. திமுக உச்ச நீதிமன்றம் போச்சு, ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்திருச்சு. உறுப்பினர் சேர்க்கையைத் தடுக்கல, அதை எல்லாக் கட்சியும் பண்ணலாம். வாங்குற தரவை எங்க வைக்கிறீங்க, யார் கையில இருக்கு, அதுக்கு என்ன பாதுகாப்புங்கிறதுதான் கேள்வி. அந்தக் கேள்வி ஒரு கட்சிக்கு மட்டும் உரியது இல்லை.

அடுத்து, இழையைத் தொடங்கின அண்ணன் 'யாரை நிறுத்துது, ஏன் நிறுத்துது'ன்னு எழுதினாரே, அது ஏற்கெனவே சட்டக் கட்டாயம். 2020 பிப்ரவரி 13-ல உச்ச நீதிமன்றம் சொன்னது: குற்ற வழக்கு நிலுவையில இருக்கிற ஆளைக் கட்சி வேட்பாளரா நிறுத்தினா, அந்த வழக்கு விவரத்தைத் தன் இணையதளத்துல போடணும். ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தோம், வழக்கு இல்லாத வேற ஆள் ஏன் கிடைக்கலைன்னு காரணம் எழுதணும். 'ஜெயிப்பார்'ங்கிறது மட்டும் காரணம் ஆகாது. இதுக்கு சி-7னு ஒரு படிவம். தளம், சமூக ஊடகம், ஒரு உள்ளூர் நாளிதழ், ஒரு தேசிய நாளிதழ் எல்லாத்துலயும் வரணும். பீகார்ல 2020 தேர்தல்ல இதை ஒழுங்காச் செய்யலைன்னு 2021 ஆகஸ்ட் 10-ல எட்டுக் கட்சிக்கு உச்ச நீதிமன்றம் அபராதம் போட்டுச்சு. பாஜக, காங்கிரஸ், ஆர்ஜேடி, ஜேடியு, சிபிஐ, எல்ஜேபி தலா 1 லட்சம், சிபிஎம், என்சிபி தலா 5 லட்சம். தளத்தோட முகப்புப் பக்கத்திலேயே 'குற்றப் பின்னணி உள்ள வேட்பாளர்கள்'னு தலைப்புப் போட்டு இதை வைக்கணும்னும் அன்னைக்குத்தான் சொன்னாங்க.

சி-7 வாசிக்கும்போது ஒண்ணு கவனிங்க. வழக்கு இருக்குங்கிறதுக்காக எல்லாரையும் ஒரே தட்டுல வைக்கக்கூடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 143, 188, 341ன்னு இருந்தா அது பெரும்பாலும் சாலை மறியல், தடையை மீறின ஊர்வலம். புதுச் சட்டத்துல அதுவே 189(2), 223, 126(2). தண்ணி வரலைன்னு மக்களோட ரோட்டுல உட்கார்ந்தவர் மேலயும் அந்த வழக்கு இருக்கும். 302 (கொலை), 307 (கொலை முயற்சி), 420 (மோசடி) வேற கதை. 'காரணம்'ங்கிற கட்டத்தைக் கட்டாயம் வாசிங்க. 'மக்கள் செல்வாக்கு உள்ளவர், பொய் வழக்கு'ன்னு ஒரே வாசகத்தைப் பத்துப் பேருக்கு எழுதியிருந்தா, கட்சி யோசிச்சு நிறுத்தலைன்னு அதுலேயே தெரியும்.

---

நாகமலை_மாணவி

நான் அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். உசிலை அக்கா எழுதினதைப் படிச்சதும் ரெண்டு விசயம் ஞாபகம் வந்தது.

2018 ஜனவரி 1-ல ரஜினி மன்றத்துக்கு இணையதளமும் செயலியும் திறந்து, வாக்காளர் அடையாள அட்டை எண்ணோட பதிவு பண்ணச் சொன்னாங்க. 2020 டிசம்பர் 29-ல கட்சி தொடங்கலைன்னு அறிவிப்பு, 2021 ஜூலையில மக்கள் மன்றமே கலைப்பு. பதிவு பண்ணினவங்கள்ல நம்ம மதுரைப் பிள்ளைங்களும் உண்டு. ஒரு அமைப்பு கலைஞ்சா அதுகிட்ட இருக்கிற பட்டியல் யாருக்குச் சொந்தம்? இத்தாலியில இதே கேள்வி பெரிய தகராறா வெடிச்சுது. அங்கே ஐந்து நட்சத்திர இயக்கம்னு ஒரு கட்சி. இணையத்துலேயே பிறந்து, 'ரூசோ'ன்னு ஒரு தளத்துல உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவெடுப்பாங்க. 2019 செப்டம்பர்ல கூட்டணி ஆட்சிக்குப் போகலாமான்னு அந்தத் தளத்துல ஓட்டு நடத்தி, 79 சதவீதம் பேர் சரின்னு சொன்ன பிறகுதான் ஆட்சி அமைஞ்சது. ஆனா தளத்தை நடத்தினது கட்சி இல்லை, தனி சங்கம். 2021-ல ரெண்டுக்கும் சண்டை வந்து, உறுப்பினர் பட்டியலைச் சங்கம் கொடுக்க மாட்டேன்னு சொல்ல, தரவுப் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு ஒப்படைக்க வச்சுது. தன் உறுப்பினர் யாருன்னே கட்சிக்குத் தெரியாத நிலை! ஏஜென்சி கையில தளத்தைக் கொடுத்திருக்கிற நம்ம கட்சிகள் இதை யோசிக்கணும்.

இன்னொண்ணு 'அழிக்காம'ன்னு அண்ணன் சொன்னது. பிரிட்டன்ல கன்சர்வேட்டிவ் கட்சி 2013-ல தன் தளத்துல இருந்து 2000 முதல் 2010 தேர்தல் வரைக்கும் இருந்த தலைவர்கள் பேச்சை எல்லாம் எடுத்திருச்சு. இணையப் பக்கங்களோட பழைய நகலைச் சேமிச்சு வைக்கிற இணையக் காப்பகத்துல (archive.org) இருந்த நகலும் தெரியாத மாதிரி தளத்துல ஒரு கோப்பை மாத்தினாங்க. எதிர்க்கட்சியா இருந்தப்போ கொடுத்த வாக்கு, ஆளுங்கட்சி ஆனதும் காணாமப் போச்சு. அங்கேயே அப்படின்னா இங்கே நாம நகல் எடுத்து வைக்கலைன்னா ஒண்ணும் மிஞ்சாது.

நல்ல பக்கத்தையும் சொல்லணும். மக்கள் நீதி மய்யம் 2018 பிப்ரவரி 21-ல நம்ம ஒத்தக்கடையில தொடங்கினப்பவே உறுப்பினர் சேர்க்கையை இணையத்துல வச்சாங்க, ஊர்ப் பிரச்சினையைப் படம் எடுத்துப் போட 'மய்யம் விசில்'னு ஒரு செயலியும் கொண்டுவந்தாங்க. 2021 தேர்தலுக்கு முன்னாடி திமுக 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்'னு மனு வாங்கினாங்க. ஜெயிச்சதும் அதுக்குன்னே அரசுல தனித் துறை, தனி ஐஏஎஸ் அதிகாரி போட்டு மனுக்களைப் பிரிச்சுப் பார்த்தாங்க. கட்சி வாங்கின கேள்விக்கு ஒரு ஒழுங்கு வச்சு வேலை பார்த்தா முடியும்ங்கிறதுக்கு அது உதாரணம்.

---

மேலூர்_ஒருபோகம்

> கட்சி வாங்கின கேள்விக்கு ஒரு ஒழுங்கு வச்சு வேலை பார்த்தா முடியும்

முடியும் தாயி. ஆனா ஜெயிச்ச கட்சிதானே அரசு அதிகாரியை வச்சு மனுவைப் பார்க்க முடியும்? தோத்த கட்சிகிட்டயும் மனு கொடுத்தவன் இருக்கான். எத்தனை மனு வந்துச்சு, எதைச் சட்டமன்றத்துல எழுப்புனோம், எதுக்குக் கலெக்டர்கிட்டப் போனோம்னு அவங்களும் தளத்துல போட்டா ஊருக்குத் தெரியும். அதுக்கு ஆட்சி வேண்டியதில்லை.

---

மாசிவீதி_மூத்தவர்

பணத்தைப் பத்தி யாரும் பேசல. கடைவீதியில ரசீதுப் புத்தகத்தோட வர்ற காலத்துல இருந்து பார்க்கிறேன், யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு ரசீது அடிக்கட்டைக்குத்தான் தெரியும். இப்போ தளத்துல நன்கொடைக்கு க்யூஆர் கோடு வச்சிருக்காங்க. வந்த பணம் இவ்வளவுன்னு அதே பக்கத்துல ஏன் போடக்கூடாது?

---

ஒத்தக்கடை_வக்கீல்

ஐயா, 20,000 ரூபாய்க்கு மேல கொடுத்தவங்க பட்டியலைக் கட்சிகள் வருஷா வருஷம் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கணும், ஆணையம் அதைத் தன் தளத்துல போடுது. தணிக்கைக் கணக்கும், தேர்தல் செலவுக் கணக்கும் அங்கேயே இருக்கு. 2019 தேர்தல்ல திமுக கூட்டணிக் கட்சிகளுக்குக் கொடுத்த தொகை, சிபிஐக்கு 15 கோடி, சிபிஎம்முக்கு 10 கோடின்னு வெளியே வந்தது அந்தச் செலவுக் கணக்குலதான். நம்ம மதுரையில அப்போ சிபிஎம் நின்ன தொகுதி. பேர் வெளியே தெரியாமக் கட்சிக்குப் பணம் கொடுக்க வழி வச்ச தேர்தல் பத்திரத்தை 2024 பிப்ரவரி 15-ல உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லி, மார்ச்சுல ஆணையத்தோட தளத்துல பட்டியல் ஏறின பிறகுதான் அதிகம் வாங்கினது பாஜகன்னும், மத்தவங்க எவ்வளவு வாங்கினாங்கன்னும் ஊர் பார்த்தது. இது எதுவும் கட்சி தானா முன்வந்து சொன்னது இல்லை.

2013 ஜூன் 3-ல மத்திய தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள்ள வரும்னு உத்தரவு போட்டுச்சு. அதை எந்தக் கட்சியும் ஏத்து நடக்கல. அன்னைக்கு நடந்திருந்தா இந்த இழைக்கே வேலை கம்மி.

---

ஒன்றிய_ஐடி

இந்த இழையை எங்க மாவட்ட ஐடி பொறுப்பாளருக்கு அனுப்பிப் பேசுனேன். தொகுதிப் பக்கம் எங்க கையில இல்லை, அதுல மாத்தமில்லை. ஆனா அறிக்கைகளைப் படமாப் போடும்போது கீழேயே எழுத்தாவும் போடணும்னு மாவட்ட முகநூல் பக்கத்துல இன்னையில இருந்தே ஆரம்பிச்சுட்டோம். ஒலிவழி அண்ணே, நீங்க ஒருக்கா கேட்டுப் பார்த்துச் சொல்லுங்க, பக்கத்தோட பேரைத் தனிச்செய்தியில அனுப்புறேன். தேர்தல் அறிக்கை வந்ததும் மதுரை மாவட்ட வாக்குறுதிகளை மட்டும் யூனிகோடுல எடுத்துத் தர டிடிபி அண்ணன் சம்மதிச்சா, அதைத் தலைமைக்கு அனுப்பி ஏத்தச் சொல்லிக் கேட்கிறேன்.

---

சிம்மக்கல்_டிடிபி

தம்பி, எல்லாக் கட்சிக்கும் பண்ணித் தர்றேன். ஒரு கட்சிக்கு மட்டும்னா வேண்டாம்.

---

வைகை_வடகரை

அப்போ வேலையைப் பிரிச்சுக்குவோம். ஆளுக்கு ஒரு தொகுதி. வேட்பாளர் பட்டியல் வந்ததும் ஒவ்வொரு கட்சித் தளத்தோட முகப்பையும் சி-7 பக்கத்தையும் பார்த்து, இணையக் காப்பகத்துல 'பக்கத்தைச் சேமி'ங்கிற வசதியில முகவரியைப் போட்டுச் சேமிச்சு, இணைப்பை இங்கே ஒட்டணும். தேர்தல் அறிக்கைக்கும் அப்படியே. மதுரை வடக்கு நான் எடுத்துக்கிறேன். மேலூர் நம்ம ஒருபோகம். மதுரை கிழக்கு வக்கீல் சார், மதுரை மத்தி டிடிபி. நாகமலைப் பிள்ளை ரெண்டு தொகுதி எடுத்தாலும் சரி. திருமங்கலம், சோழவந்தான் ஆட்கள் யாராவது படிச்சுக்கிட்டிருந்தா கை தூக்குங்க.

---

உசிலை_அக்கா

உசிலம்பட்டி என் மக பார்த்துக்குவா. விரைவுத் தபால் இன்னைக்கு அனுப்பியாச்சு வக்கீல் தம்பி. அந்த சி-7 ஒரு தளத்துல இல்லைன்னா என்ன பண்ணணும், யாருக்கு எழுதணும்?

---

ஒத்தக்கடை_வக்கீல்

நல்லதுக்கா. இல்லைன்னா, முகவரியும் தேதியும் நேரமும் தெரியிற மாதிரி திரையைப் படம் பிடிச்சு, மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டருக்கும் சென்னையில தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் எழுத்துல அனுப்புங்க. இதைக் கண்காணிக்க ஆணையத்துல தனிப் பிரிவு வைக்கணும்னு 2021 தீர்ப்பிலேயே இருக்கு, அந்தத் தீர்ப்பு தேதியை மனுவுல குறிப்பிடுங்க. வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள்ள போடணும். அதனால கட்சி பட்டியலை வெளியிட்ட நேரத்தையும் மறக்காம எழுதி வைக்கச் சொல்லுங்க. இல்லைன்னா 48 மணி நேரத்தை எப்போதிலிருந்து எண்ணினீங்கன்னு அங்கேயே தகராறு வரும்.